கிளவுட் காலத்தில் இயங்குதளம் கற்பது ஏன்?

கணினி அறிவியல் மாணவர் மன்றத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்



இன்றைய தலைப்பை உங்கள் மன்றம் ஒரு கேள்வியாகவே தந்திருக்கிறது. கிளவுடில் எல்லாம் ஆயத்தமாகக் கிடைக்கும் காலத்தில், ப்ராசஸ், த்ரெட், பேஜிங், டெட்லாக் என்று இயங்குதளப் பாடத்தை ஏன் படிக்க வேண்டும்? நியாயமான கேள்வி இது. ஒரு தலைமுறைக்கு முன்பு சர்வர் வைத்திருந்தவர் அதைத் தொட்டுப் பார்த்திருப்பார். டிஸ்க் மாற்றியிருப்பார், கெர்னலைத் தானே கம்பைல் செய்திருப்பார். இன்று சர்வர் எந்த ஊரில் இருக்கிறது என்றே தெரியாமல் நிறுவனம் நடத்தலாம். 2014-இல் அமேசான் லாம்டா சேவை வந்த பிறகு, ஒரு ஃபங்ஷனை எழுதி ஏற்றினால் போதும், மிச்சத்தை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்ற நிலையும் வந்துவிட்டது. அப்படியிருக்க, கண்ணில் படாத ஒன்றுக்காக ஒரு செமஸ்டரை ஏன் செலவிட வேண்டும் என்று நீங்கள் கேட்பதில் தவறில்லை.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கிளவுட் நமக்கு விற்பது இயங்குதளத்தின் சேவைகளைத்தான். நேரம், நினைவகம், கோப்பு, தனிமை என்ற நான்கையும் பங்கிட்டுத் தருவது இயங்குதளத்தின் வேலை. அந்தப் பங்கீட்டைத்தான் கிளவுட் அளந்து, விலை போட்டு, நமக்கு வாடகைக்கு விடுகிறது. எல்லாம் நன்றாக ஓடும்வரை அது நம் கண்ணுக்குத் தெரியாது. ஏதாவது ஒரு வரம்பில் முட்டிக்கொண்டு நிரல் நிற்கும்போது, அடியில் இருப்பதை அறிந்தவரால் மட்டுமே அடுத்து என்ன செய்வது என்று சொல்ல முடியும்.

இதற்கு உலகிலேயே பெரிய கிளவுட் நிறுவனத்தின் அனுபவத்தைச் சான்றாகத் தருகிறேன். 2020 நவம்பர் 25 அன்று, வடக்கு வர்ஜீனியாவில் உள்ள அமேசானின் யுஎஸ்-ஈஸ்ட்-1 பகுதியில் கினிசிஸ் என்ற சேவை தடுமாறியது. இடைவிடாமல் வந்து குவியும் தரவுகளை வாங்கி, உரிய இடத்துக்குக் கொண்டு சேர்ப்பது அதன் பணி. அமேசானின் வேறு பல சேவைகள் அதை நம்பியிருந்தன. பயனர் உள்நுழைவைக் கவனிக்கும் காக்னிட்டோ பாதிக்கப்பட்டது. கண்காணிப்புக்கான கிளவுட்வாட்ச் பாதிக்கப்பட்டது. எந்தச் சேவை எந்த நிலையில் இருக்கிறது என்று வாடிக்கையாளருக்கு அறிவிக்கும் பக்கத்தைப் புதுப்பிக்கும் கருவியும் காக்னிட்டோவைச் சார்ந்திருந்ததால், அந்த அறிவிப்பும் தாமதமானது.

காரணத்தை அமேசான் பின்னர் வெளிப்படையாக எழுதியது. அன்று அதிகாலை, கினிசிஸின் முன்வரிசை சர்வர்களோடு இன்னும் சில சர்வர்களைச் சேர்த்தார்கள். அந்த வரிசையில் ஒவ்வொரு சர்வரும் மற்ற ஒவ்வொரு சர்வருடனும் பேசுவதற்கென்று ஒரு த்ரெட் வைத்திருந்தது. ஆகவே புதிதாக ஒரு சர்வர் வந்தால், ஏற்கெனவே இருக்கும் அத்தனை சர்வரிலும் ஒரு த்ரெட் கூடும். அப்படிக் கூடிக் கூடி, இயங்குதளத்தின் அமைப்பில் குறித்திருந்த த்ரெட் உச்சவரம்பை எல்லாச் சர்வர்களும் ஏறத்தாழ ஒரே வேளையில் தாண்டின. புது த்ரெட் உருவாக்க முடியாத சர்வர்களால், எந்தத் தரவை எங்கே அனுப்புவது என்ற வரைபடத்தைத் தயாரிக்க முடியவில்லை. சுமையைத் தாங்க ஆள் சேர்த்ததே சேவையைச் சாய்த்துவிட்டது. சேர்த்த சர்வர்களை நீக்கி, மற்றவற்றைச் சிறு சிறு தொகுதியாக மறுதொடக்கம் செய்து, முழுமையாக மீண்டபோது பசிபிக் நேரப்படி இரவு பத்து மணி கடந்துவிட்டது. அவர்கள் அறிவித்த உடனடித் தீர்வுகளில் ஒன்று, பெரிய சர்வர்களுக்கு மாறுவது. சர்வர்களின் எண்ணிக்கை குறைந்தால் த்ரெட்டுகளின் எண்ணிக்கையும் குறையும் அல்லவா?

இந்த நிகழ்வில் வரும் எதுவும் கிளவுட் பாடப்புத்தகத்தில் இல்லை. எல்லாம் இயங்குதளப் பாடத்தில் த்ரெட் பற்றிய அத்தியாயத்தில் இருக்கிறது. த்ரெட் என்பது நிரல் மொழி தரும் வசதி மட்டும் அன்று. அதற்கு ஒரு ஸ்டாக் வேண்டும், கெர்னலின் அட்டவணையில் ஓர் இடம் வேண்டும், ஷெட்யூலரின் கவனம் வேண்டும். அது எண்ணி வைத்துக் கொடுக்கப்படும் பொருள். இந்த உணர்வோடு வடிவமைப்பைப் பார்ப்பவர், "சர்வர் எண்ணிக்கை கூடும்போது ஒரு சர்வருக்குள் எது கூடுகிறது?" என்று கேட்பார். அந்தக் கேள்வியைக் கேட்கும் பழக்கத்தைத் தருவதுதான் இந்தப் பாடம்.

கிளவுட் எங்கிருந்து வந்தது என்று பார்த்தாலும் இதே இடத்தில்தான் போய் நிற்போம். 1961-இல் எம்.ஐ.டி.யில் ஃபெர்னாண்டோ கோர்பாட்டோவின் குழு சிடிஎஸ்எஸ் என்ற நேரப் பகிர்வு முறையை இயக்கிக் காட்டியது. துளையிட்ட அட்டைகளில் நிரலைக் கொடுத்துவிட்டு முடிவுக்காக மணிக்கணக்கில் காத்திருந்த காலம் அது. ஒரே கணினியின் நேரத்தைத் துண்டு துண்டாக்கிப் பலருக்குக் கொடுத்தால், ஒவ்வொருவருக்கும் கணினி தன் கையில் இருப்பது போலத் தோன்றும் என்று அவர்கள் நிரூபித்தார்கள். அதே ஆண்டு அதே நிறுவனத்தின் நூற்றாண்டு விழாவில் ஜான் மெக்கார்த்தி, தொலைபேசியைப் போலக் கணினியும் ஒருநாள் பொதுச் சேவையாகலாம் என்று பேசினார். நேரப் பகிர்வு என்ற இயங்குதள யோசனை பிறந்த கையோடு கிளவுட் என்ற கனவும் பிறந்துவிட்டது.

1972-இல் ஐபிஎம் விஎம்/370-ஐ அறிவித்தது. ஒரே இயந்திரத்தில் பல மெய்நிகர் இயந்திரங்கள் ஓடும் ஏற்பாடு அது. 2003-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்திலிருந்து அதே வகை ஏற்பாடான ஸென் வந்தது. 2006-இல் அமேசான் ஈசி2 சேவையைத் தொடங்கியபோது அதற்கு அடியில் ஓடியது ஸென். கன்டெய்னரின் கதையும் இப்படியே. 1979-இல் யுனிக்ஸின் ஏழாம் பதிப்பில் வந்த சிரூட், ஒரு ப்ராசஸுக்குக் கோப்பகத்தின் ஒரு கிளையை மட்டுமே உலகமாகக் காட்டியது. 2006-இல் கூகுளில் பால் மெனேஜும் ரோஹித் சேத்தும் தொடங்கிய வேலை, சிகுரூப் என்ற பெயரில் 2008-இல் லினக்ஸ் கெர்னலில் சேர்ந்தது. 2013-இல் டாக்கர் வந்தபோது இவையெல்லாம் அதற்குத் தயாராக இருந்தன.

லினக்ஸ் கெர்னலைத் திறந்து தேடினால் கன்டெய்னர் என்று தனியாக ஒரு பொருள் அங்கே கிடையாது. நேம்ஸ்பேஸ் உண்டு, சிகுரூப் உண்டு. ஒரு ப்ராசஸ் எதையெல்லாம் பார்க்கலாம் என்பதை நேம்ஸ்பேஸ் வரையறுக்கிறது. எவ்வளவு எடுக்கலாம் என்பதைச் சிகுரூப் வரையறுக்கிறது. இந்த இரண்டோடு ஒரு கோப்பகமும் சேர்ந்தால் அதைக் கன்டெய்னர் என்கிறோம். அதற்குள் ஓடுவது நீங்கள் பாடத்தில் படிக்கும் அதே சாதாரண ப்ராசஸ்தான். சர்வர் இல்லாத சேவை என்று சொல்லப்படும் லாம்டாவின் அடியிலும் சிறு மெய்நிகர் இயந்திரங்களை இயக்கும் ஃபயர்கிராக்கர் என்ற மென்பொருள் இருக்கிறது. 2018-இல் அதன் மூல நிரலை வெளியிட்டார்கள். லினக்ஸ் கெர்னலின் கேவிஎம் என்ற மெய்நிகராக்க வசதியின் மேல் அது ஓடுகிறது.

இனி, வேலைக்குச் சேர்ந்த முதல் ஆண்டிலேயே உங்களுக்கு வரப்போகும் சிக்கல்களைப் பார்ப்போம்.

முதலாவது, 137 என்ற எண். கன்டெய்னர் திடீரென்று செத்துக் கிடக்கும். வெளியேற்றக் குறியீடு 137 என்று வரும். நிரலின் பதிவேட்டில் ஒரு பிழைச் செய்தியும் இருக்காது. சிக்னலால் இறந்ததைக் குறிக்கச் சேர்க்கும் 128-ஐக் கழித்தால் 9 மிஞ்சும். ஒன்பதாம் சிக்னல் சிக்கில். கெர்னல் அனுப்பிய அந்தச் சிக்னலை எந்த ப்ராசஸும் பிடிக்கவோ மறுக்கவோ முடியாது. ஆகவேதான் நிரலால் ஒரு கடைசி வரிகூட எழுத முடியவில்லை. பெரும்பாலும் காரணம், சிகுரூப் வகுத்த நினைவக வரம்பைத் தாண்டியது. பாடம் படித்தவர் இதை ஒரு நிமிடத்தில் கண்டுகொள்வார். படிக்காதவர் தன் நிரலிலேயே பிழையைத் தேடி ஒரு வாரத்தைத் தொலைப்பார்.

அந்த வரம்பை நிரல் ஏன் தாண்டியது? ஜாவாவின் பழைய பதிப்புகள் இதற்கு நல்ல பாடம். ஹீப்பின் உச்ச அளவைச் சொல்லாமல் விட்டால், இயந்திரத்தின் மொத்த நினைவகத்தில் கால் பங்கை ஜாவா தனக்கென்று வைத்துக்கொள்ளும். 64 ஜிபி உள்ள சர்வரில், 2 ஜிபி வரம்பு கொண்ட கன்டெய்னருக்குள் அதை ஓட்டினால், மொத்தம் எவ்வளவு என்று கேட்கும்போது அதற்கு 64 ஜிபி என்றே பதில் வரும். 16 ஜிபி வரை வளரலாம் என்று கணக்குப் போட்டுக்கொள்ளும். அடுக்ககத்தின் மொட்டைமாடித் தொட்டியை எட்டிப் பார்த்துவிட்டு, தன் வீட்டுக்கு வரும் குழாயில் வால்வு வைத்திருப்பதை மறந்தவரின் கணக்கு அது. நேம்ஸ்பேஸ் மறைக்காததை ப்ராசஸ் பார்க்கும், ஆனால் சிகுரூப் விடாததை எடுக்க முடியாது. 2018-இல் வந்த ஜாவா 10 இந்த வரம்பைத் தானே அறிந்துகொண்டது. கோ மொழியோ, சிபியு வரம்பைத் தானாகக் கணக்கில் கொள்ளத் தொடங்கியது 2025-இல் வந்த 1.25-ஆம் பதிப்பில்தான்.

அந்தச் சிபியு வரம்பு இரண்டாவது சிக்கல். கன்டெய்னர்களை நிர்வகிக்கும் கூபர்நெட்டிஸில் உங்கள் கன்டெய்னருக்கு 2 சிபியு என்று வரம்பு போடுகிறீர்கள். கெர்னல் அதை இப்படிப் புரிந்துகொள்கிறது: ஒவ்வொரு 100 மில்லி வினாடிக்கும் மொத்தம் 200 மில்லி வினாடி சிபியு நேரம். உங்கள் நிரலில் 8 த்ரெட்டுகள் ஒரே சமயத்தில் முழு மூச்சாக ஓடினால், அந்த 200 மில்லி வினாடியும் 25 மில்லி வினாடியில் தீர்ந்துபோகும். மீதி 75 மில்லி வினாடி, சர்வரில் சிபியு சும்மா இருந்தாலும் உங்கள் நிரல் நிறுத்தி வைக்கப்படும். வாடிக்கையாளருக்கு அது தாமதமாகத் தெரியும். நிமிடச் சராசரி காட்டும் வரைபடத்திலோ சிபியு பயன்பாடு குறைவாகவே தெரியும், ஏனென்றால் வேலை விட்டுவிட்டு வருகிறது. ஷெட்யூலர் காலத்தை எப்படிப் பங்கிடுகிறது என்று அறியாதவருக்கு இது தீராத புதிர்.

மூன்றாவது, அணையும் விதம். கன்டெய்னருக்குள் முதலில் தொடங்கும் ப்ராசஸுக்கு எண் 1. யுனிக்ஸ் மரபில் அந்த எண்ணுக்குத் தனிப் பொறுப்புகள் உண்டு. பெற்றோரை இழந்த ப்ராசஸுகளை ஏற்பதும், முடிந்துபோனவற்றின் மிச்சத்தைத் துடைப்பதும் அதன் கடமை. தனிப் பாதுகாப்பும் உண்டு. தானே ஏற்பாடு செய்துகொள்ளாவிட்டால், நிறுத்தச் சொல்லும் சிக்டெர்ம் சிக்னலைக் கெர்னல் அதற்குக் கொண்டு சேர்க்காது. எனவே நிறுத்தச் சொன்னாலும் நிரல் நிற்காது. டாக்கர் 10 வினாடி பொறுக்கும், கூபர்நெட்டிஸ் 30 வினாடி பொறுக்கும். பிறகு சிக்கில் பாயும். பாதியில் இருந்த வேலை பாதியிலேயே அறுபடும். ஒவ்வொரு முறை புதுப் பதிப்பை ஏற்றும்போதும் சில வாடிக்கையாளருக்கு மட்டும் பிழை வருகிறதே என்று தலையைப் பிய்த்துக்கொள்ளும் அணிகள் பல உண்டு. சிக்னல் பற்றிய ஒரு வகுப்பைக் கவனித்திருந்தால் அந்தத் துன்பம் இல்லை.

நான்காவது, கோப்பு. ஒரு நிரல் கோப்பில் எழுதி, எழுதியாயிற்று என்று கெர்னல் பதில் சொன்னால், பெரும்பாலும் தரவு நினைவகத்தில்தான் இருக்கிறது. டிஸ்க்குக்குப் போவது பிறகு. இப்போதே போக வேண்டும் என்று வற்புறுத்துவதற்கு எஃப்சிங்க் என்ற சிஸ்டம் கால் இருக்கிறது. எஃப்சிங்க் ஒருமுறை தோற்றால், மறுபடி அழைத்துப் பார்க்கலாம் என்று போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் ஏறத்தாழ இருபது ஆண்டுகளாக நம்பியிருந்தது. லினக்ஸ் அப்படி நடந்துகொள்ளவில்லை. எழுத முடியாமல் போன பக்கங்களையும் அது சுத்தமானவை என்று குறித்துவிடும். இரண்டாம் முறை எஃப்சிங்க் வெற்றி என்று சொல்லும், தரவோ டிஸ்க்கில் இருக்காது. 2018-இல் இது வெளிச்சத்துக்கு வந்தது. 2019 தொடக்கத்தில் வந்த திருத்தத்தில், எஃப்சிங்க் தோற்றால் போஸ்ட்கிரெஸ் உடனே தன்னை நிறுத்திக்கொண்டு, தன் பதிவேட்டிலிருந்து மீண்டெழும்படி மாற்றினார்கள். உலகின் தேர்ந்த பொறியாளர்கள் கட்டிய மென்பொருள் அது. இயங்குதளம் என்ன வாக்குக் கொடுக்கிறது, என்ன கொடுக்கவில்லை என்ற கேள்வி அவர்களையும் விடவில்லை. டிஸ்க் நெட்வொர்க்குக்கு அப்பால் இருக்கும் கிளவுடில், அந்தக் கேள்வி இன்னும் கூர்மையாகிறது.

இந்த நான்கிலும் பணமும் இருக்கிறது. 137 வந்ததும் காரணம் அறியாதவர் இரட்டிப்பு நினைவகம் உள்ள சர்வரை எடுப்பார். தாமதம் என்றதும் சிபியுவைக் கூட்டுவார். அப்போதைக்குச் சரியாகிவிடும், ஆனால் கட்டணம் மாதந்தோறும் வரும். சொந்த சர்வர் இருந்த காலத்தில் அறியாமையின் விலை வாங்கும்போது ஒரு முறை மட்டும். கிளவுடில் அதற்குத் தவணை முடிவதே இல்லை. சிறு நிறுவனங்களுக்கு இது வாழ்வா சாவா என்ற கணக்கு.

பேராசிரியப் பெருமக்களிடம் இப்போது உரிமையோடு ஒன்று சொல்ல விரும்புகிறேன். இந்தப் பாடத்தின் மேல் மாணவருக்கு நம்பிக்கை குறைந்ததற்குக் கிளவுட் மட்டும் காரணம் இல்லை. நாம் சொல்லிக்கொடுக்கும் முறையும் காரணம். ரவுண்ட் ராபினுக்குக் கட்டம் போட்டு, சராசரிக் காத்திருப்பு நேரம் கணக்கிட்டு, பேங்கர்ஸ் அல்காரிதத்துக்கு அட்டவணை நிரப்பி, பதினாறு மதிப்பெண் வாங்கிவிட்டு வெளியே வருகிறார் மாணவர். ஓடிக்கொண்டிருக்கும் ஒரு ப்ராசஸை அவர் பார்த்ததே இல்லை. கணக்கு தவறில்லை. கணக்கோடு நிறுத்திக்கொள்வதுதான் தவறு.

பார்த்துக் கற்கும் மரபு இந்தத் துறையில் பழையது. ஆஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தின் ஜான் லயன்ஸ், 1970-களில் யுனிக்ஸ் ஆறாம் பதிப்பின் மூல நிரலையே பாடமாக வைத்து, வரி வரியாக விளக்கம் எழுதினார். உரிமக் கட்டுப்பாடுகள் வந்து அந்த வழி அடைபட்டதும், ஆம்ஸ்டர்டாமில் ஆண்ட்ரூ டேனன்பாம் தாமே மினிக்ஸ் என்ற இயங்குதளத்தை எழுதி 1987-இல் மாணவர் கையில் கொடுத்தார். மினிக்ஸைப் பயன்படுத்திய ஹெல்சின்கி மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் லினக்ஸைத் தொடங்கினார். கிளவுடைத் தாங்கி நிற்கும் கெர்னல், படிப்பதற்காகத் திறந்து வைக்கப்பட்ட ஒரு மூல நிரலின் அருகில் பிறந்தது என்பதை ஆசிரியர்கள் பெருமையோடு நினைக்கலாம்.

இன்று அந்த மரபை எக்ஸ்வி6 ஏந்தி நிற்கிறது. எம்.ஐ.டி.யில் 2006-இல் பாடத்துக்காக எழுதப்பட்ட சிறு யுனிக்ஸ் அது. அதன் கெர்னல் பத்தாயிரம் வரிக்குள் அடங்கிவிடும். ஒரு செமஸ்டரில் ஒரு மனிதர் முழுவதும் படித்து முடிக்கலாம். கியூஎமு என்ற இலவச மென்பொருளில், பழைய லேப்டாப்பிலேயே ஓடும். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் ஆர்பாசி-டுசோ இணையர் எழுதிய இயங்குதள நூலும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. சென்னை ஐஐடியின் பேராசிரியர் செஸ்டர் ரெபெய்ரோ எக்ஸ்வி6-ஐக் கொண்டு நடத்திய பாடம் என்.பி.டி.இ.எல்.லில் இருக்கிறது. கிளவுட் பழகக் கணக்குத் தொடங்க வேண்டும், கார்டு எண் கொடுக்க வேண்டும், பில்லுக்குப் பயப்பட வேண்டும். இயங்குதளம் பழக இருக்கிற கணினியே போதும். எந்த ஊர்க் கல்லூரி மாணவருக்கும் இந்தக் கதவு திறந்தே இருக்கிறது என்பது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தரும் செய்தி.

மாணவ நண்பர்களே, உங்கள் லேப்டாப்பில் லினக்ஸ் ஏற்றிக்கொண்டு சில சோதனைகள் செய்யுங்கள். எஸ்ட்ரேஸ் கட்டளையின் கீழ் ஒரு சிறு நிரலை ஓட்டி, அது கெர்னலிடம் என்னென்ன கேட்கிறது என்று வரிசையாகப் பாருங்கள். அன்ஷேர் கட்டளையால் புது நேம்ஸ்பேஸ் உருவாக்கி, டாக்கர் இல்லாமலே ஒரு கன்டெய்னரைக் கட்டுங்கள். ஸ்வாப்பை அணைத்துவிட்டு, சிகுரூபில் 100 எம்பி வரம்பு வைத்து, 200 எம்பி நினைவகத்தில் எழுதும் நிரலை ஓட்டி, கெர்னல் அதைக் கொல்வதைக் கண்ணால் பாருங்கள். ஒரு கோப்பில் ஆயிரம் முறை எழுதுங்கள். பிறகு ஒவ்வொரு முறையும் எஃப்சிங்க் சேர்த்து எழுதி, நேர வேறுபாட்டை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். இந்த நான்கையும் செய்தவருக்குக் கிளவுடின் பெரும்பகுதி புரிந்துவிடும்.

கருவிகள் மாறிக்கொண்டே இருக்கும் என்பதையும் மறக்க வேண்டாம். ஸென் இருந்த இடத்துக்குக் கேவிஎம் வந்தது. டாக்கர் வந்த மறு ஆண்டே கூபர்நெட்டிஸ் வந்தது. கிளவுட் நிறுவனங்களின் திரைகளும் சேவைப் பெயர்களும் நீங்கள் பட்டம் வாங்குவதற்குள் மாறிவிடும். 1974-இல் டென்னிஸ் ரிச்சியும் கென் தாம்ப்சனும் யுனிக்ஸ் பற்றி எழுதிய கட்டுரையை எடுத்துப் பாருங்கள். ஃபோர்க், ஓப்பன், ரீட், ரைட் எல்லாம் அதில் இருக்கின்றன. ஐம்பது ஆண்டு கழித்தும், எஸ்ட்ரேஸ் காட்டும் பட்டியலில் அதே குடும்பத்துப் பெயர்களைத்தான் பார்ப்பீர்கள். இருபது வயதில் கற்று அறுபது வயது வரை உதவும் அறிவு நம் துறையில் மிகக் குறைவு. இது அதில் ஒன்று.

எல்லோரும் கெர்னல் எழுத வேண்டும் என்று நான் கேட்கவில்லை. மருத்துவமனையின் பதிவுகளும், வங்கியின் பரிமாற்றமும், தேர்வு முடிவும் உங்கள் நிரல்களை நம்பி நடக்கப்போகின்றன. அவை நிற்கும் நாளில், யாரோ வந்து சரிசெய்வார்கள் என்று திரையைப் பார்த்துக்கொண்டிருப்பவராக நீங்கள் இருக்கக் கூடாது. என் நிரல் எத்தனை த்ரெட் கேட்கிறது, எவ்வளவு நினைவகம் எடுக்கிறது, எப்படி அணைகிறது, அதன் தரவு எப்போது உண்மையில் டிஸ்க்கைச் சேர்கிறது என்ற கேள்விகளுக்கு, ஏற்றுவதற்கு முன்பே பதில் வைத்திருங்கள். ஆசிரியப் பெருமக்கள் அடுத்த செமஸ்டரில் ஆய்வகத்தின் பாதி நேரத்தையாவது எக்ஸ்வி6-க்கு ஒதுக்குங்கள். மாணவர்கள் அதற்காகக் காத்திருக்காமல் இந்த வாரமே தொடங்குங்கள். மற்றவர் கட்டிய கிளவுடை வாடகைக்கு எடுக்கத் தெரிந்தவர்கள் நம்மிடம் ஏராளம். அதைக் கட்டக்கூடியவர்களும் சரிசெய்யக்கூடியவர்களும் இந்த அரங்கிலிருந்து வர வேண்டும் என்பது என் ஆசை. அதற்கான பாதை இந்த ஒரு பாடத்தின் வழியாகவே போகிறது.